கோசிகாவின் இரண்டாவது மூச்சு

“டொக்டர், என்ர பிள்ளைக்குள்ள ரெண்டு பேர் மூச்சு விடினம்.”

டாக்டர் கீர்த்திகா எழுதுவதை நிறுத்தினாள்.

தெற்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தைகள் வார்டு அது. மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, மூச்சு இழுக்குது என்று தாய்மார் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். இப்படி ஒருத்தியும் சொன்னதில்லை.

சொன்னவள் பெயர் சுவர்ணா. கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்திருந்தாள். வயது முப்பதுக்குள். தலை வாரி இரண்டு நாளாவது இருக்கும். கட்டிலில் அவள் மகள் கோசிகா, பத்து மாதம், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கண்மூடிக் கிடந்தாள். ஒரு கையில் இளஞ்சிவப்பு நிற விளையாட்டு ஸ்டெதஸ்கோப். தூக்கத்திலும் பிடியை விடவில்லை.

“கிட்ட வந்து கேளுங்கோ. முதல் மூச்சு இவளின்ரது. அது முடியட்டும்.”

கீர்த்திகா குனிந்தாள். குழந்தையின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மூச்சு முடிந்தது.

ஒரு கணம் எதுவும் இல்லை.

பிறகு வந்தது. வலது விலாவுக்குள்ளிருந்து, நூல் மாதிரி மெல்லிய ஒரு சீழ்க்கை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற யாரோ, முதல் ஆள் போகும்வரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது போல.

பிற்பகல் இரண்டு மணி. ஜன்னல் நிறைய வெயில். இருந்தும் கீர்த்திகாவின் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

“கேட்டீங்களோ?” சுவர்ணா கிசுகிசுத்தாள்.

“ஓம். கேட்டது.”

“கடவுளே, நீங்களுமோ பிள்ளை?” கட்டிலின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். கனத்த கைப்பை, கனத்த வளையல், அதைவிடக் கனத்த வாசனைத் திரவியம். தவநாயகி. குழந்தையின் அப்பாவுக்கு அக்கா. பாரிசில் இருபது வருடம் இருந்துவிட்டு இப்போது கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை போட்டிருப்பவள். “நெஞ்சுச் சளி பிடிச்ச பிள்ளையை இவள் ரெண்டு ஆளாக்கிப் போட்டாள். நீங்கள் படிச்ச ஆள், நீங்களும் ஓம் எண்டுறியள்.”

“எவ்வளவு நாளா இப்பிடி?”

“ஆறு கிழமை, ஒண்டரை மாசம்,” என்றான் சுவரோரம் நின்ற நிசாந்தன். குழந்தையின் அப்பா. குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. அங்கிருந்து நேராக வந்திருந்தான், முழங்காலில் வெள்ளைத் தூள். “எங்கட ஏரியா ஜீபி டொக்டரிட்ட மூண்டு தரம் போனம். ரெண்டு முறை அன்ரிபயோட்டிக். பிறகு வாயால இழுக்கிற நீலப் பம்ப். ஒண்டுக்கும் கேக்கேல்லை. இண்டைக்குக் காலமை காய்ச்சல், உதடும் நீலமாப் போச்சு.”

“ஆறு கிழமைக்கு முதல் சாப்பிடேக்க, விளையாடேக்க, திடீரெண்டு புரக்கேறி இருமினவளோ? மூச்சு அடைச்சு முகம் கறுத்ததோ?”

சுவர்ணா உடனே தலையாட்டி மறுத்தாள். நிசாந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை,” என்றாள் தவநாயகி.

அவளிடம் யாரும் கேட்கவில்லை.

“நான் அடிக்கடி வந்து பாக்கிற ஆள் பிள்ளை. எனக்குத் தெரியாதே? இவள் எங்கட வீட்டுக்கு வரப்போற டொக்டர். முதல் பல்லு வந்த கையோட, பல்லுக்கொழுக்கட்டையண்டு தட்டில பேனை, புத்தகம், சங்கிலி, கத்தரிக்கோல் எல்லாம் வைச்சம். ஒண்டையும் பாக்கேல்லை. நேர உந்த ஸ்டெதஸ்கோப்பைத்தான் தூக்கினவள்.”

கீர்த்திகா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அன்று மாலை அவள் தன்னைத்தானே நொந்துகொள்ளப் போகிறாள்.

*

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ‘குறிப்பிடும்படி ஒன்றுமில்லை’ என்று கீழே எழுதி வந்தது.

கீர்த்திகாவுக்கு மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டுத் துண்டும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரியாததைப் பிடிக்க ஒரு வழி உண்டு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படம் எடுப்பது. எந்தப் பக்கம் படுக்கிறோமோ அந்தப் பக்கத்து நுரையீரல் உடம்பின் பாரத்தில் நசுங்கிச் சிறுக்க வேண்டும்.

இடது பக்கம் படுக்க வைத்தார்கள். இடது நுரையீரல் சிறுத்தது.

வலது பக்கம் படுக்க வைத்தார்கள். வலது நுரையீரல் அசையவில்லை. வாய் கட்டிய பலூன் மாதிரி உப்பியபடியே இருந்தது.

உள்ளே ஏதோ இருக்கிறது. போகிற காற்றுக்கு வழி விடுகிறது, வருகிற காற்றை மறிக்கிறது. மறிபட்ட காற்று பிந்தி, இடுக்கு வழியாக நழுவி வருகிறது. அதுதான் சீழ்க்கை.

தொண்டை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு எடுத்தாக வேண்டும். இன்றைக்கே. காய்ச்சலைப் பார்த்தால் வலது பக்கம் கிருமி பிடித்துவிட்டது. நாளைக்கு இந்தப் பிள்ளை மயக்க மருந்தைத் தாங்குமா என்று சொல்ல முடியாது.

“கையெழுத்து வைக்க மாட்டன்,” என்றாள் சுவர்ணா.

கீர்த்திகா தன் காதை நம்பவில்லை.

“சுவர்ணா, விசர்க்கதை கதையாத!” தவநாயகி வளையல் குலுங்க எழும்பினாள்.

“நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ மச்சாள்.”

குரல் உயரவில்லை. ஆனால் தவநாயகி போனாள். நிசாந்தன் நிற்பதா போவதா என்று தெரியாமல் கதவடியில் நின்றான்.

“இவள் தனிய வந்தவள் இல்லை டொக்டர். ரெண்டு பேர். ஸ்கானில ரெண்டு இதயம் கேட்டனான். இருபத்தோராம் கிழமை போய்க் கேக்க ஒண்டுதான் கேட்டது. மற்றது... மற்றவள்... இவளுக்குப் பக்கத்திலயே கிடந்தவள். நாலு மாசம். கடைசி மட்டும்.” சுவர்ணா குழந்தையின் வலது விலாவில் உள்ளங்கையை வைத்தாள். “ஆறு கிழமையா ரெண்டாவது மூச்சுக் கேக்குது. நீங்களும் கேட்டனீங்கள். இப்ப உள்ள ஒண்டு கிடக்குது, எடுக்கப் போறம் எண்டுறியள். நான் எப்பிடி ஓம் எண்டுறது?”

தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டாலும் சட்டத்துக்குப் போதும். படிவம் கீர்த்திகாவின் கையில் இருந்தது. நிசாந்தன் மூன்று எட்டில் நின்றான்.

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிச் சுவர்ணாவின் காதில் மாட்டினாள். இடது பக்கம் வைத்தாள்.

“என்ன கேக்குது?”

“மூச்சு. காத்து வாற மாதிரி.”

“இப்ப?” வலது பக்கம் வைத்தாள்.

சுவர்ணா நீண்ட நேரம் கேட்டாள். “...தூரத்தில. கிணத்துக்குள்ள இருந்து மாதிரி. கடைசியா அந்த விசில்.”

“அக்கா, அங்க ஒருத்தி மூச்சு விட்டால் உள்ள போற சத்தமும் கேக்க வேணும், வெளிய வாற சத்தமும் கேக்க வேணும். உள்ள போறது கேட்டதோ?”

சுவர்ணா மறுபடி கேட்டாள். தலையை ஆட்டினாள். இல்லை.

“ஏனெண்டால் அது இவளின்ர மூச்சுத்தான். இழுத்த காத்தை விட ஏலாமல் கிடக்கிறாள். பாதி நெஞ்சோட ஆறு கிழமை.”

வெளியே ட்ரொலி ஒன்று கடகடத்துப் போனது. சுவர்ணா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

“எடுக்கிறது எதா இருந்தாலும் என்னட்டக் காட்ட வேணும். எதா இருந்தாலும். எறியக் கூடாது.”

“காட்டுறன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

கீர்த்திகா பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து விரித்தாள், சுவர்ணா கையெழுத்து வைத்தாள்.

*

மாலை நாலரை. ஆபரேஷன் தியேட்டர்.

மிஸ்டர் ஹார்லோ நெடுத்த மனிதர். முப்பது வருடமாகக் குழந்தைகளின் தொண்டைக்குள் இறங்கி பொத்தான், மணி, பொம்மைச் சப்பாத்து என்று எடுத்துக்கொண்டிருப்பவர். வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ ஒரு மெட்டை முனகுவார். முனகுகிறவரை பயமில்லை என்று தாதிமாருக்குத் தெரியும்.

கோசிகாவுக்குக் கீழே இரண்டு பால்பற்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அவற்றைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். இரண்டும் உறுதியாக இருந்தன.

பென்சிலைவிட ஒடுக்கமான உலோகக் குழாய் குரல்நாணைத் தாண்டி இறங்கியது. திரையில் இளஞ்சிவப்புச் சுரங்கம். வளையம் வளையமாக. பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது வாசல் கறுப்பாக, அகலமாகத் திறந்து கிடந்தது.

வலது வாசலில் சிவந்து வீங்கிய சதை. சதையின் நடுவில் வெள்ளையாக ஒன்று. 

பளபளப்பு. வழவழப்பான வளைவு. கூரான நுனி.

ஹார்லோவின் முனகல் நின்றது.

“டாக்டர் கீர்த்திகா,” என்றார் மெல்ல. “அது பல்லா?”

மானிட்டர் மட்டும் ‘பிப்... பிப்...’ என்றது.

பல்தான். ஈறு மாதிரிச் சிவந்த சதையிலிருந்து முளைத்து நின்றது. பிள்ளையின் பல் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அப்படியானால் இது யாருடையது?

*இவளுக்குப் பக்கத்திலயே கிடந்தவள். கடைசி மட்டும்.*

“இரட்டையரில் ஒன்று தவறியது என்று குறிப்பில் பார்த்தேன்,” என்றார் ஹார்லோ. “ஒன்றின் உடம்புக்குள் மற்றதன் மிச்சம் வளர்வதைப் பற்றி வாசித்திருக்கிறேன். ரோமம், எலும்பு, பல். கண்ணால் கண்டதில்லை.” அவருடைய கை நீண்டது. “விளிம்பில் பல் வைத்த இடுக்கி கொடுங்கள். அழுத்தமானது. பிடித்தால் வழுக்கக் கூடாது.”

கீர்த்திகா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கண் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. அந்தப் பல்லின் அடிப்பகுதி. வேர் இருக்க வேண்டிய இடத்தில் வேர் இல்லை. மெல்லிய பழுப்பு நிறக் கோடு. தோல் மாதிரி.

அந்தப் பழுப்பை அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் ஆல்பத்தில் இரண்டாம் பக்கம். எட்டு மாதக் கீர்த்திகா. தலைக்கு மேல் வெள்ளைத் துணி. துணிக்கு மேல் மாமி கொட்டுகிற கொழுக்கட்டைகள். ஒவ்வொன்றும் பிறை வடிவம், பிறையின் விளிம்பில் வரிசையாகக் குத்திய பற்கள். சிரிக்கிற வாய் மாதிரி.

*பல்லுக்கொழுக்கட்டையண்டு தட்டில பேனை, புத்தகம்...*

காதில் விழுந்தது. கேட்டுச் சிரித்தாள்!

“நிறுத்துங்கள்!”

இடுக்கி குழாயின் வாயில் நின்றது.

“அது பல் இல்லை. தேங்காய். முதல் பல் முளைத்தால் எங்கள் ஆட்கள் மாவில் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வெட்டிச் செருகி, குழந்தையின் தலையில் கொட்டுவார்கள்.”

ஹார்லோ ஒரு விநாடி அவளையே பார்த்தார். “ஆறு வாரம் ஊறிய தேங்காய். இந்த இடுக்கியால் அழுத்தியிருந்தால் தூளாகியிருக்கும். தூள் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். பிறகு எனக்கு வேலை இல்லை.” தாதி பக்கம் திரும்பினார். “இது வேண்டாம். கடலை எடுக்கிற மெல்லியதைக் கொடுங்கள்.”

மெல்லிய இடுக்கி போனது. தாடை விரிந்தது. பல்லைத் தழுவியது, நசுக்கவில்லை. குழாயைவிடத் துண்டு பெரிது. ஆகவே குழாய், இடுக்கி, தேங்காய் எல்லாம் ஒன்றாக மேலே வந்தன. ஒரு வளையம். இன்னொரு வளையம். குரல்நாண்.

அங்கே நழுவியது.

மானிட்டரின் குரல் தாழ்ந்தது. ஆக்ஸிஜன் அளவு தொண்ணூறு. எழுபத்தெட்டு. அறுபது. இதுவரை ஒரு பக்கத்தை அடைத்த துண்டு இப்போது நடுக்குழாயை முழுதாக அடைத்துக்கொண்டது. இப்போது இரண்டு மூச்சும் இல்லை, ஒரு மூச்சும் இல்லை.

“கீழே தள்ளுகிறேன்,” என்றார் ஹார்லோ. வந்த வழியே, பழைய இடத்துக்கே, வலது பக்கத்துக்கு. ஐம்பத்தொன்று... ஐம்பத்தெட்டு... எழுபது. இடது நெஞ்சு ஏறியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

இரண்டாம் முறை வழுக்கவில்லை. சின்னக் கிண்ணத்தில் ‘டிக்’ என்று விழுந்தது.

கீர்த்திகா ஸ்டெதஸ்கோப்பை வலது விலாவில் வைத்தாள். காற்று போகிறது. வருகிறது. அது முடிந்த பிறகு, மிக மெல்லியதாக...

சீழ்க்கை.

“இன்னும் இருக்கிறது!”

ஹார்லோ மறுபடி பார்த்தார். சதை வீங்கி இரத்தம் கசிந்தது. ஒன்றும் தெரியவில்லை. “வீக்கத்தின் சத்தமாகவும் இருக்கலாம். இன்னொரு துண்டு இருக்கிறதென்று யாராவது சொன்னால் தேடுவேன். இந்தச் சதையைச் சும்மா கிளற மாட்டேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் இவளை வைத்திருக்கவும் முடியாது.”

கீர்த்திகா கையுறையை உரித்தபடி ஓடினாள்.

*

நடைபாதை நாற்காலிகளில் மூன்று பேரும் எழும்பினார்கள்.

“பல்லுக்கொழுக்கட்டை கொட்டேக்க எத்தினை பல்லுக் காணாமல் போனது?”

சுவர்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நிசாந்தன், “அக்கா...” என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

“எனக்கென்ன தெரியும் பிள்ளை, நான்...”

“அன்ரி, உங்கட மருமகள் மயக்கத்தில கிடக்கிறாள். என்னட்ட நாலு நிமிசம் இருக்கு. ஒண்டோ, ரெண்டோ?”

தவநாயகியின் கை கைப்பையைப் பிசைந்தது.

“ரெண்டு.”

“வடிவாத் தெரியுமோ?”

“மடியில ஒரு கொழுக்கட்டை விழுந்தது. அதைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கினவள். எல்லாரும் கை தட்டேக்க இருமினாள். கைதட்டில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. முகம் நீலமாப் போச்சு. முதுகில தட்டினன், அழுதாள், சரியாப் போச்சு. கொழுக்கட்டையைப் பாத்தன், ரெண்டு பல்லில்லை. பின்னேரம் கார்ப்பெட் முழுக்க ஹூவர் பிடிச்சு, அந்தக் குப்பையைக் கொட்டிக் கையால அரிச்சுப் பாத்தன். ஒண்டுகூட இல்லை.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “பிள்ளையைப் பிரிச்சுக் கொண்டுபோற சோசல் சர்விஸுக்குப் பயந்துதான் சொல்லேல்லை. பாரிசில எனக்கு மேல் வீட்டுப் பிள்ளை கையில சூட்டுக் காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனது. திரும்பி வீட்டுக்கு வரேல்லை. நான்தான் தம்பியையும் வாய் திறக்கக் கூடாது எண்டனான்.”

மிச்சத்தைக் கேட்கக் கீர்த்திகா அங்கே இல்லை.

*

வீங்கிய சதைக்குக் கீழே, வலது பாதை மறுபடி கிளைக்கிற மூலையில், நுனி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இருக்கிறதென்று தெரிந்ததால் தெரிந்தது.

ஹார்லோ முனக ஆரம்பித்தார்.

‘டிக்.’

*

ஆறரை மணி. கோசிகா கண் விழித்து, தொண்டை கட்டிய குரலில் அழுதுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். உதட்டில் நீலம் இல்லை.

கீர்த்திகா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மூடிபோட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பியைச் சுவர்ணாவின் கையில் வைத்தாள். உள்ளே இரண்டு வெள்ளைத் துண்டுகள்.

சுவர்ணா முதலில் ஒரு கையால் வாயைப் பொத்தினாள். பிறகு குப்பியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நான் வெட்டினது,” என்றாள்.

“அக்கா?”

“எல்லாரும் சதுரமா வெட்டுவினம். நான் நுனியைச் சரிச்சு வெட்டினனான். உண்மையான பல்லு மாதிரி வடிவா இருக்கட்டும் எண்டு.” அவள் கண் குப்பியை விடவில்லை. “குசினியில நிண்டு வெட்டிக்கொண்டே இருந்தன். கொட்டுற நேரம் ஹோலுக்கு வரக்கூடாது எண்டு மச்சாள் சொன்னவ. ஒண்டைப் பறிகுடுத்தவள் முன்னுக்கு நிண்டால் சரியில்லையாம். கைதட்டுச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.”

கதவடியில் தவநாயகி நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வளையல்களை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள், சத்தம் வராமல்.

சுவர்ணா குப்பியை மேசையில் வைத்தாள். கட்டிலில் குனிந்து, ஆறு கிழமைப் பழக்கத்தில், மகளின் வலது விலாவில் காதை வைத்தாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. மூச்சு முடிந்தது.

அவள் காத்திருந்தாள்.

மறுபடி ஏறியது. இறங்கியது. முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் காதை எடுக்கவும் இல்லை.

“சுவர்ணா,” என்றாள் தவநாயகி. “என்னைப் பேசு. அடிக்கவெண்டாலும் அடி. நான்...”

சுவர்ணா நிமிரவில்லை. மகளின் நெஞ்சில் தலை சாய்த்தபடியே கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினாள்.

“மச்சாள்,” என்றாள், அமைதியாக. “பகல் முழுக்க வீட்டில நானும் இவளும்தான். இவள் நித்திரையான பிறகு நான் மற்றவளோட கதைக்கிறனான். அவளுக்குப் பேர் வைச்சனான். பாட்டுப் படிச்சனான். இஞ்சதான் இருக்கிறாள், பக்கத்திலதான் இருக்கிறாள் எண்டு... ஆறு கிழமை மச்சாள்.”

குப்பியை எடுத்துத் தவநாயகியின் பக்கம் நீட்டினாள்.

“ஆரோட கதைச்சனான் எண்டு நீங்களே பாருங்கோ.”